மெதுவாகக் கிளம்பிய காந்தப்புலம்

செல்ரைன் பக்கத்து மலைகளில் ரோப்கார் ஓட்டுபவர்களுக்கு ஒரே ஒரு பெருமைதான் உண்டு. பெட்டி கிளம்பிவிட்டது என்பது உள்ளே நிற்பவருக்குக் கால் வழியாகத் தெரியக் கூடாது. ஜன்னல் வழியாகத்தான் தெரிய வேண்டும். பிராண்டெக் ரோப்காரில் தலைமை ஓட்டுநராக இருந்த வின்சென்ஸ், புதிதாக வேலைக்கு வருகிறவர்களைச் சோதிக்க, விளிம்புவரை நிரம்பிய காபிக் கோப்பையைப் பெட்டியின் தரையில் வைத்துவிட்டு இறங்கிவிடுவார். மேலே போய்ச் சேரும்போது தட்டில் ஒரு சொட்டுக் கிடந்தாலும், “நீ போயி மாடு ஏத்தற வண்டி ஓட்டு” என்பார். காசியன் பிராக்ஸ்மாரர் பதினெட்டு வயதில் அங்கே மின்பணிக்குச் சேர்ந்தான். முதல் குளிர்காலம் முடிவதற்குள் அவன் அனுப்பிய கோப்பைகள் சிந்துவதை நிறுத்திவிட்டன.

மோட்டாருக்கு மின்னோட்டத்தை ஒரேயடியாகக் கொடுக்கக் கூடாது. தொடக்கத்தில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குக் கொடுத்து, பிறகு வளைந்து ஏறவிட வேண்டும். அந்த வளைவைக் காசியன் தானே கணக்குப் போட்டு வரைந்தான். கணக்கு அவனுக்குப் பிடித்துப்போனதும் அப்போதுதான். பனி உருகி, பயணிகள் வராத மே மாதங்களில் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து பாடப்புத்தகங்களைப் படித்தான். மாலைப் பள்ளியில் சேர்ந்து, விட்டுப்போன பரீட்சைகளை ஒவ்வொன்றாக எழுதினான். பிறகு ஒருநாள் வேலையை விடுவதாக வின்சென்ஸிடம் சொன்னான்.

“எங்க போற?”

“இன்ஸ்ப்ருக். இயற்பியல் படிக்க.”

“படிச்சு?”

“தெரியல.”

“தெரியாமலே வேலைய விடறவன் இந்தப் பள்ளத்தாக்குல நீ ஒருத்தன்தான்டா. சரி, சாவிய ஆணியில மாட்டிட்டுப் போ.”

மீக்குளிர் அணுக்களை ஆராயும் குழு ஒன்றில் அவனுக்கு ஆய்வு மாணவனாக இடம் கிடைத்தபோது முப்பது தாண்டியிருந்தது. மற்ற மாணவர்கள் அவனைவிட ஆறேழு வயது சிறியவர்கள். குழுவின் தலைவர் பேராசிரியர் ஹில்டெகுண்ட். அதிகம் பேசமாட்டார், பேசினால் கேள்வியாகத்தான் இருக்கும்.

அங்கே எர்பியம் என்ற உலோகத்தை உலையில் ஆவியாக்கி, லேசர் ஒளியால் தடுத்து நிறுத்தி, ஒளியாலேயே ஆன ஒரு தொட்டிலில் அணுக்களை ஒரு சிறு மேகமாக மிதக்கவிடுவார்கள். அந்தக் குளிருக்கு முன்னால் ஜனவரி மாதத்துப் பனிமலை வெந்நீர். அத்தனை குளிரில் அணுக்கள் ஒன்றோடொன்று எப்படிப் பழகும் என்பதை வெளியிலிருந்தே மாற்றலாம். வெற்றிடக் கலத்தைச் சுற்றிக் கம்பிச்சுருள்கள் உண்டு. அவற்றில் மின்னோட்டம் கூடினால் காந்தப்புலம் கூடும். சில புல அளவுகளில், எதிரெதிரே வரும் இரண்டு அணுக்கள் மோதிச் சிதறுவதற்கு முன் ஒரு கணம் மூலக்கூறாகச் சேர்ந்து நிற்கும். அதற்கு ஒத்ததிர்வு என்று பெயர். புலத்தை அந்த அளவுக்குச் சற்று இந்தப் பக்கம் வைத்தால் அணுக்கள் ஒன்றையொன்று தள்ளும். சற்று அந்தப் பக்கம் வைத்தால் இழுக்கும். இன்னோரிடத்தில் முகம் தெரியாதவர்கள் மாதிரி கடந்துபோகும். சரியாக அந்த அளவிலேயே வைத்தால் மூன்றாவது அணு ஒன்று குறுக்கே வரும். இரண்டு ஒட்டிக்கொள்ளும், அந்த உதறலில் மூன்றுமே தொட்டிலை விட்டு ஓடிவிடும். ஆகவே ஒத்ததிர்வைத் தேடுகிறவர்கள் புலத்தைச் சிறிது சிறிதாக மாற்றி, ஒவ்வொரு முறையும் படம் எடுத்து, மிச்சமுள்ள அணுக்களை எண்ணுவார்கள். எண்ணிக்கை விழுந்து பள்ளம் தெரிகிற இடத்தில் ஒத்ததிர்வு இருக்கிறது என்று பொருள்.

எர்பியத்தில் இந்தப் பள்ளங்கள் காடுபோல நெருங்கிக் கிடக்கும். பெரும்பாலானவை மயிரிழை அகலம். புலம் கொஞ்சம் நடுங்கினாலே தாண்டிப் போய்விடும், பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. அகலமான பள்ளம்தான் புதையல். குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. புதிய ஒத்ததிர்வைக் கண்டுபிடித்தவர் அதற்கு, மலையேறுகிறவர்கள் தங்கிச் சாப்பிடும் மலைக்குடில் ஒன்றின் பெயரை வைக்க வேண்டும். பிறகு எல்லோரையும் அந்தக் குடிலுக்கே அழைத்துப்போய், ரொட்டியும் பன்றிக்கறியும் பிசைந்து வேகவைத்த உருண்டை வாங்கிக் கொடுக்க வேண்டும். உருண்டை தின்றபிறகுதான் பெயர் ஆய்வகச் சுவரிலிருந்த ஒத்ததிர்வு வரைபடத்தில் ஏறும். ஏறிய பெயரை அழிப்பதில்லை.

காசியன் அங்கே செய்த முதல் காரியம் பெட்டியை மெதுவாகக் கிளப்பியது. அணுக்களைக் குளிரவைக்கும்போது ஒரு சிறிய கம்பிச்சுருள் காவலுக்கு இருக்கும். அளவீடு தொடங்கும்போது அதை அணைத்துப் பெரிய சுருளை ஏற்றுவார்கள். பெரிய சுருள் வெடுக்கென்று ஏறியதால் மேகம் தொட்டிலுக்குள் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது. அது அடங்கக் காத்திருந்தே மாணவர்களுக்குப் பாதிப் பொழுது போனது. காசியன் தன் ரோப்கார் வளைவைக் கொண்டுவந்து பெரிய சுருளுக்குப் போட்டான். மேகம் அசையவில்லை.

“இத எங்க கத்துக்கிட்ட?” என்றார் ஹில்டெகுண்ட்.

“காபிக் கோப்பையில.”

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. அது அவர் பாணியில் பாராட்டு.

அசையாத மேகத்தை வைத்துக்கொண்டு அவன், மற்றவர்கள் சலித்து விட்டுவிட்ட உயர்ந்த புலங்களில் தேடினான். இரண்டாம் குளிர்காலத்தில் ஓர் அகலமான பள்ளம் கிடைத்தது. ரோப்கார் போய்ச் சேரும் உச்சியிலிருந்த குடிலின் பெயரையே, பிராண்டெக் என்று, அதற்கு வைத்தான். குழு முழுவதும் மேலே போய் உருண்டை தின்றது. வின்சென்ஸ் பெட்டித் தரையில் கோப்பையை வைத்துக் காட்டி, “இது இவன் வளைவு” என்றார்.

பள்ளத்தில் ஒரு குறை இருந்தது. எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் கால்வாசி அணுக்களுக்கு மேல் அதில் விழவில்லை. மற்ற பள்ளங்கள் மேகத்தையே விழுங்கிவிடும். அகலமாக இருப்பதால் ஆழம் குறைவு என்று காசியன் ஆய்வேட்டில் நான்காம் அத்தியாயத்தில் எழுதினான். படிக்க நியாயமாகவே இருந்தது. அந்த அத்தியாயத்தின்மேல்தான் எல்லாம் நின்றது. முனைவர் பட்டம் அதை நம்பியிருந்தது. பிராண்டெக்கைப் பயன்படுத்தி மூலக்கூறுகள் செய்யப்போகிற ஹாம்பர்க் ஆய்வகம் ஒன்று, பட்டம் கையில் வந்ததும் வா என்று அவனை அழைத்திருந்தது. இன்ஸ்ப்ருக்கில் அவன் ஒப்பந்தம் கோடையோடு முடிகிறது. வேறு வழி எதையும் அவன் பார்த்து வைத்திருக்கவில்லை.

ஏட்டைக் கொடுத்துவிட்டு வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருந்த நாட்களில் கருவியைக் குழுவின் இன்னொரு ஆய்வு மாணவி ஃபிலொமேனா எடுத்துக்கொண்டாள். மலைக்கு அந்தப் பக்கம் பஸ்டர் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவள், வாய்த்துடுக்கு அதிகம். அவள் வேலை, பிராண்டெக்கின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் புலத்தை மெல்ல நகர்த்தி, அணுக்களை ஜோடி ஜோடியாக மூலக்கூறாக்குவது. ஒத்ததிர்வு இருந்தால் அது நடந்தே தீரவேண்டும். வாரக்கணக்கில் நடக்கவில்லை.

அன்று வெதுவெதுப்பான தெற்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது. அது வீசினால் நகரத்தில் பாதிப் பேர் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் நடப்பார்கள்.

“இன்னிக்காவது ஏதாச்சும் வந்துச்சா?” என்றான் காசியன், கதவில் சாய்ந்தபடி.

“வந்துச்சு. தலைவலி.”

“வேகமா நகத்தறியோ என்னவோ.”

“நத்தை மாதிரி நகத்திப் பாத்தாச்சு, முயல் மாதிரி நகத்திப் பாத்தாச்சு. இனிமே ஜெபமாலைதான் பாக்கி. உன் குடில்ல கதவே இல்லப்பா காசியன். நானும் சுத்திச் சுத்தி வரேன்.”

“லேசர எல்லாம் பாத்தியா?”

“லேசர், லென்ஸ், கேமரா, என் ஜாதகம் எல்லாம் பாத்தேன். போ, போய் உன் பேச்சத் தயார் பண்ணு. இங்க நின்னு ஆளப் பாக்காத.”

ஒத்ததிர்வின்மேல் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. சந்தேகம் முழுவதும் தன்மேல்தான் இருந்தது. காசியன் அதைக் கவனித்தான். கவனித்ததோடு சரி.

தேர்வில் தேறுகிறவருக்கு நண்பர்கள் சேர்ந்து தொப்பி செய்து போடுவது அந்த ஊர் வழக்கம். கறுப்பு அட்டைத் தொப்பி. அதன்மேல் அவர் வாழ்க்கையின் கூத்துகளெல்லாம் பொம்மையாக உட்கார்ந்திருக்கும். தேர்வு முடியும்வரை அதை அவர் கண்ணில் காட்டக் கூடாது. காசியனுக்கு அந்த விதி தெரியும். ஆனாலும் தேர்வுக்கு முந்தைய வாரம், கடன் வாங்கிய பற்றவைக்கும் கோலைத் திருப்பிக் கொடுக்கப் பட்டறைக்குப் போனவன், கதவைத் தட்டாமல் நுழைந்துவிட்டான்.

“ஐயோ! கண்ண மூடு! கண்ண மூடுடா!” ஃபிலொமேனா மேல்கோட்டைக் கழற்றி மேஜைமேல் எறிந்தாள். கோட்டு பாதிதான் மூடியது.

தொப்பியின்மேல் ஒரு மலை. அதில் இரண்டு கட்டமாக ஏறும் ரோப்கார், பிராண்டெக்கில் இருப்பதுபோலவே: அடிவாரத்திலிருந்து நடு நிலையத்துக்கு ஒரு பெட்டி, அங்கிருந்து உச்சிக்கு இன்னொன்று. நடு நிலையத்தில் விரல் உயரப் பொம்மை, கையில் கோப்பையோடு. பெட்டிகளை இழுக்க இரண்டு சின்ன மோட்டார்கள்.

காசியன் கண்ணை மூடிக்கொண்டுதான் நின்றான். ஆனால் மோட்டார் சத்தம் காதில் விழுந்தது. ஒன்று நின்றது. மற்றது கிளம்பவில்லை.

“மேல்பெட்டி ஏன் நிக்குது?”

“நீ பாக்கக் கூடாது!”

“பாக்கல. கேக்கறேன்.”

“மோட்டார் மட்டம். ரெண்டு தடவ மாத்திட்டேன். கீழ்ப்பெட்டிக்குச் சின்னச் சுருளோட மின்னோட்டம், மேல்பெட்டிக்குப் பெரிய சுருளோடது. கருவியிலேருந்து உன் வளைவையே எடுத்து, நீட்டி, இதுல விட்டிருக்கேன். ஜோக்கு. இப்ப ஜோக்கக் கெடுத்துட்ட, போதுமா?”

“என் வளைவுன்னா நிக்காது.”

“வந்து பாத்துக்கோ அப்ப. கெட்டது கெட்டுப்போச்சு.”

அவன் கண்ணைத் திறந்தான். அவள் மறுபடி தொடக்கத்திலிருந்து ஓட்டினாள். கீழ்ப்பெட்டி நடு நிலையத்திலிருந்து சமர்த்தாக இறங்கி அடிவாரத்தில் நின்றது. மேல்பெட்டி நடு நிலையத்திலேயே கிடந்தது. உற்றுப் பார்த்தால் தலைமயிர் அளவு நகர்ந்திருந்தது. இரண்டும் தத்தம் பாதையின் அடியில். பொம்மை கோப்பையோடு தனியாக நின்றது. வெகு நேரம் கழித்து மேல்பெட்டி அழகாக, உதறாமல், மேலே போயிற்று.

பிராண்டெக்கில் செய்யக் கூடாதது என்று ஒன்று உண்டு. நடு நிலையம் திறந்த மேடை, காற்று அறுக்கும். மேல்பெட்டி கிளம்பத் தயாராகாமல் கீழ்ப்பெட்டியை அனுப்பி, ஆளை அங்கே நிறுத்திவைத்தால் வின்சென்ஸ் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். காசியன் பொம்மையைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

“மோட்டார்ல ஒண்ணும் இல்ல” என்றான் கடைசியில்.

“பின்ன?”

“அப்புறம் சொல்றேன்.” கோலை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டான்.

அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டிருந்தது. ஒவ்வோர் அணுவும் ஒரு காந்த ஊசி. புலம் இருக்கும்வரை எல்லா ஊசிகளும் ஒரே பக்கம் பார்த்து நிற்கும். சின்னச் சுருள் போய்விட்டது, அவன் வளைவில் மெதுவாகக் கிளம்பும் பெரிய சுருள் இன்னும் வரவில்லை என்ற அந்த இடைவெளியில் அவற்றைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. சில ஊசிகள் சாய்ந்துவிடும். பிறகு புலம் எவ்வளவு உயர்ந்தாலும் சாய்ந்தவை சாய்ந்தவைதான். பள்ளத்தில் விழுந்தவை அந்தச் சாய்ந்த அணுக்களும் அவற்றோடு மோதிய சில நேர் அணுக்களும் மட்டும் என்றால், கால்வாசிக்கு மேல் விழாததற்குக் காரணம் அகலம் இல்லை. நேர் அணுக்கள் தங்களுக்குள் மோதும்போது அங்கே ஒத்ததிர்வே கிடையாது. ஃபிலொமேனா இல்லாத கதவைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை பேருந்தில் போகும்போது அவன் இன்னொன்றையும் யோசித்தான். தேர்வு அடுத்த வாரம். தேர்வாளர்கள் ஏட்டைப் படித்து, நல்ல வார்த்தை எழுதி அனுப்பிவிட்டார்கள். மோட்டார் மட்டம் என்றே ஃபிலொமேனா நினைத்துக்கொண்டிருக்கிறாள். பட்டம் வாங்கி ஹாம்பர்க் போய்விட்டு, அங்கிருந்து ஒரு மாதம் கழித்து இதைக் கண்டுபிடித்ததாகச் சொல்லலாம். யாரும் கேட்கமாட்டார்கள். அந்த ஒரு மாதமும் அவள் தன் லென்ஸுகளைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

மறுநாள் மதியம் அவள் சாப்பிடப் போனபோது கருவியின் முன் உட்கார்ந்தான். மேகத்தைத் தொட்டிலிலிருந்து விழவிட்டு, ஒரு பக்கம் மட்டும் வலுவான புலத்தால் இழுத்துப் படம் எடுத்தான். எல்லா ஊசிகளும் நேராக இருந்தால் ஒரே பொட்டு தெரியும். இரண்டு தெரிந்தன, பெரியது ஒன்று, பக்கத்தில் சிறியது ஒன்று. அவன் வருவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்தவர்கள் ஒரே பொட்டுத்தான் பார்த்திருந்தார்கள். அவன் வளைவைப் போட்டபிறகு யாருக்கும் மறுபடி பார்க்கத் தோன்றவில்லை, அவனையும் சேர்த்து. பிறகு சின்னச் சுருளை அணைப்பதற்கு முன்பே பெரிய சுருளை ஏற்றிவிட்டு, பிராண்டெக் இருக்க வேண்டிய இடத்தைத் தேடினான். பள்ளமே இல்லை, தரை சமமாக இருந்தது.

ஃபிலொமேனா கையில் ஆப்பிளோடு திரும்பி வந்தாள்.

“என் நாற்காலி.”

“உக்காரு. திட்டறதுன்னா உக்காந்துகிட்டே திட்டலாம்.”

அவன் சொல்லி முடிக்கும்வரை அவள் ஆப்பிளைக் கடிக்கவில்லை. பிறகு இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

“எப்ப தெரிஞ்சுது?”

“நேத்து. தொப்பியில.”

“நேத்தே சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருக்கலாம்.”

“ரெண்டு மாசமா எனக்குத்தான் கை வரலன்னு நெனச்சுகிட்டிருந்தேன், தெரியுமா? அம்மாகிட்ட சொல்லி அழுதிருக்கேன். நீ அந்தக் கதவுல சாஞ்சுகிட்டு லேசரப் பாத்தியான்னு கேட்ட.”

“ஆமா.”

“கழுத.” ஆப்பிளை ஒரு கடி கடித்துவிட்டு, “இப்ப தேர்வு?” என்றாள்.

இருவரும் ஹில்டெகுண்ட் அறைக்குப் போனார்கள். அவர் படங்களைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார்.

“தேர்வத் தள்ளிப் போடணுமா?”

“தள்ளிப் போட்டா ஒப்பந்தம் முடிஞ்சிடும். சம்பளமும் இருக்காது, கருவியும் இருக்காது” என்றான் காசியன். “தேதி இருக்கட்டும். நான் பேச்சுலயே சொல்லிடறேன்.”

“தேற வைக்கமாட்டேன்னு அவங்க சொன்னா?”

“சொல்லட்டும்.”

“ஹாம்பர்க்குக்கு?”

“இன்னிக்கே எழுதறேன்.”

தேர்வு வரைக்கும் அவனும் ஃபிலொமேனாவும் கருவியைப் பகிர்ந்துகொண்டார்கள். வேண்டுமென்றே அணுக்களைச் சாயவிட்டு, சாய்ந்தவை கூடக்கூடப் பள்ளம் ஆழமாவதை அளந்தார்கள். அவள் அவனோடு தேவைக்கு மட்டும் பேசினாள்.

தேர்வன்று அவன் நான்காம் அத்தியாயத்துக்கு வந்ததும், அதிலிருந்த முடிவு தவறு என்று சொல்லிவிட்டு, எப்படித் தவறு என்பதை விளக்கினான். ஸ்டுட்கார்ட்டிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

“அப்போ இந்த அத்தியாயத்துல மிச்சம் என்ன இருக்கு?”

“பள்ளம் இருக்கு. அது நேர் அணுவுக்கும் சாஞ்ச அணுவுக்கும் நடுவுல உள்ளது. நான் வேற ஜோடியோடதுன்னு எழுதிட்டேன்.”

“பொட்டு ரெண்டா இருக்கான்னு ஏன் அப்பவே பாக்கல?”

“மேகம் ஆடல. அதனால எல்லாம் சரியா இருக்குன்னு நெனச்சுட்டேன்.”

தேர்வாளர்கள் கதவை மூடிக்கொண்டு நெடுநேரம் பேசினார்கள். தேறினான், தரம் ஒரு படி கீழே போயிற்று, நான்காம் அத்தியாயத்தைத் திருத்தி எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு. நடைவழியில் புளிப்பு ஒயினும் கறி வைத்த ரொட்டியும் இருந்தன. ஃபிலொமேனா தொப்பியைக் கொண்டுவந்து அவன் தலையில் வைத்தாள்.

“சரி பண்ணல” என்றாள். “அப்படியே நிக்குது பொம்ம. வேணும்னா மாத்தித் தரேன்.”

“வேண்டாம். இருக்கட்டும்.”

கூட்டத்தில் யாரோ, “தின்ன உருண்டைய இப்பத் திருப்பிக் குடுக்கணுமாடா?” என்று கேட்டார்கள். காசியனும் சிரித்தான்.

ஹாம்பர்க்கிலிருந்து மரியாதையான பதில் வந்தது. நேர் அணுக்களுக்கான அகலமான ஒத்ததிர்வுதான் தங்களுக்குத் தேவை என்றும், வேறு வாய்ப்பு வரும்போது நினைவில் வைத்துக்கொள்வதாகவும் எழுதியிருந்தார்கள். அத்தியாயத்தைத் திருத்திக் கொடுத்துவிட்டு, கோடை முடிவில் அவன் மலைக்குத் திரும்பினான். வின்சென்ஸுக்கு இடுப்பு போய்விட்டிருந்தது, ஆள் தேடிக்கொண்டிருந்தார். சாவி ஆணியில் இல்லை. அதை எங்கோ தொலைத்துவிட்டு வேறு செய்திருந்தார்கள்.

இப்போது காசியன் பிராண்டெக்கில் தலைமை ஓட்டுநர். பள்ளத்தாக்கில் அவனை டாக்டர் என்று கூப்பிட்டு முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்கிறார்கள். தொப்பி கட்டுப்பாட்டு அறை அலமாரியின் மேலே இருக்கிறது. பெட்டி அவன் வளைவில்தான் கிளம்புகிறது. ஒரு மாற்றம் மட்டும் செய்திருக்கிறான்: நடு நிலையத்தில் மேல்பெட்டி கதவைத் திறந்து நின்றபிறகுதான் கீழ்ப்பெட்டி இறங்கும். முன்பு அதை ஓட்டுபவர் கண்ணால் பார்த்துச் செய்ய வேண்டியிருந்தது, இப்போது தானாக நடக்கிறது.

போன பிப்ரவரியில் குழு மறுபடி மேலே வந்தது. சாய்ந்த அணுக்களை அளவோடு கலந்து, அதே பள்ளத்தில் ஃபிலொமேனா மூலக்கூறு செய்துவிட்டாள். நேர் அணு ஒன்றும் சாய்ந்த அணு ஒன்றும் சேர்ந்த ஜோடிகள். வரைபடத்தில் பெயர் அழியவில்லை. அம்புக்குறி போட்டு அவள் கையெழுத்தில் வேறு வரிசைக்குப் போயிருந்தது. உருண்டை யார் வாங்கித் தருவது என்று குடிலில் வாக்குவாதம் வந்தது.

“கண்டுபிடிச்சவன் நீ. நீதான் தரணும்” என்றாள் அவள்.

“நான் கண்டுபிடிச்சது வேற. அது இல்லவே இல்ல. இது நீ கண்டுபிடிச்சது.”

“பள்ளம் ஒண்ணுதானே?”

“ஜோடி வேற.”

ஹில்டெகுண்ட், “ஆறிப்போகுது, ரெண்டு பேரும் சாப்பிடறீங்களா?” என்றார்.

கடைசிப் பெட்டிக்கு நேரமாயிற்று. காசியன் அவர்களை ஏற்றிவிட்டு, கையிலிருந்த காபிக் கோப்பையைத் தரையில் வைத்துக் கதவைச் சாத்தினான். கட்டுப்பாட்டு அறைக்குப் போய் நெம்புகோலைத் தள்ளினான். பெட்டி போவதை ஃபிலொமேனா ஜன்னல் வழியாகத்தான் தெரிந்துகொண்டாள். கீழே நடு நிலையத்தில் அடுத்த பெட்டி கதவைத் திறந்து நின்றது.